பிரிண்ட் மட்டும் போட்டால் போதும்

அச்சகம் இருக்கும் ஊரிலெல்லாம் ஒரு வகை மனிதர் காணப்படுகிறார். அவருக்குப் 'பைல் ரெடி ஆசாமி' என்று பெயர் வைப்போம். இதைவிட நல்ல பெயர் கிடைக்கலாம். ஆனால் நாம் யோசித்து முடிப்பதற்குள் அவரே ஒன்றை யோசித்து, டைப் செய்து, எழுத்துக்குப் பச்சையும் நிழலுக்குச் சிவப்பும் கொடுத்து, பென் டிரைவில் போட்டுக்கொண்டு வந்து நீட்டிவிடுவார் என்பதால் கொஞ்சம் அவசரப்பட வேண்டியிருக்கிறது.

அவரை அடையாளம் காண்பது சுலபம். மற்றவர்கள் அச்சகத்துக்கு ஒரு வேலையைக் கொடுக்க வருவார்கள். இவர் வேலையை முடித்துவிட்டு வருவார். "டிசைன் எல்லாம் நானே பண்ணிட்டேன். நீங்க பிரிண்ட் மட்டும் போட்டாப் போதும்" என்பார். அந்த 'மட்டும்' என்ற சொல்லைக் கொஞ்சம் அழுத்துவார். அச்சகத்துக்காரர்கள் ஒரு பட்டனை அமுக்கிவிட்டு மின்விசிறிக்கு அடியில் சாய்ந்து உட்கார்ந்திருப்பவர்கள் என்பது அவருடைய அசைக்க முடியாத நம்பிக்கை.

அவருக்குத் தெரிந்த மென்பொருள் வேர்டு. விடுப்புக் கடிதம் எழுதவும் விண்ணப்பம் அடிக்கவும் பிறந்த அந்த அப்பாவி மென்பொருளை வைத்துக்கொண்டு அவர் கல்யாணப் பத்திரிகை செய்வார், கடை விளம்பரம் செய்வார், திருவிழாவுக்கு ஆளுயரப் போஸ்டரும் செய்வார். எழுத்து நடுவில் வர வேண்டுமா? ஸ்பேஸ் பாரைத் தட்டிக்கொண்டே இருப்பார். எழுத்து நகர்ந்து நகர்ந்து ஒருவழியாக நடுவுக்கு வந்து சேரும். அடுத்த பக்கம் வேண்டுமா? எண்டர், எண்டர், எண்டர். படம் வேண்டுமா? பத்து வாட்ஸப் குரூப்பில் அலைந்து இளைத்துப்போன ஒரு படத்தைப் பிடித்துப் போட்டு, விளிம்பைப் பற்றி இழுத்து ஆளைப் பெரிசாக்குவார். முடிந்ததும் 'பத்திரிகை பைனல்' என்று சேமிப்பார். மறுநாள் 'பத்திரிகை பைனல் புதுசு'. அதற்கு மறுநாள் 'இதுதான் பைனல்'. கடைசியில் அச்சகத்துக்குப் போய்ச் சேருவது எது என்று நினைக்கிறீர்கள்? முதலாவதுதான்.

போடிநாயக்கனூரில் இந்த இனத்தின் முதல் தரமான மாதிரி முத்துக்கண்ணன். ஏலக்காய்க் கடை ஒன்றில் காய்க்குத் தரம் பார்ப்பது அவர் வேலை. சாக்குக்குள் கைவிட்டு ஒரு பிடி அள்ளி, வாசல் வெளிச்சத்தில் விரித்துப் பார்த்து, காய் எந்தப் பக்கத்து மலையில் விளைந்தது, உலர்த்தியவர் எவ்வளவு அவசரக்காரர் என்பது வரைக்கும் சொல்லிவிடுவார். பச்சையில் உள்ள அத்தனை பச்சையும் அவருக்கு அத்துப்படி. கடைக்கு வரும் கடிதங்களுக்கு வேர்டில் பதில் அடிப்பதும் அவர்தான். இந்த இரண்டு திறமையும் ஒரே உடம்பில் சேர்ந்ததில்தான் விபரீதம் ஆரம்பித்தது.

அவர் மகள் கற்பகத்துக்குக் காது குத்த நாள் குறித்தார்கள். காதுகுத்து என்றால் தாய்மாமன் மடி வேண்டும். பிள்ளையை அந்த மடியில் உட்காரவைத்துத்தான் குத்த வேண்டும். அந்த மடி வராவிட்டால் மண்டபம், மேளம், கிடாய்க் கறி எதுவும் பிரயோசனமில்லை. இங்கே தாய்மாமன் என்பவர் முத்துக்கண்ணனின் மனைவி சந்திரவல்லிக்கு அண்ணனான சின்ராசு. குரங்கணியில் காப்பித் தோட்டமும், மேலே கொஞ்சம் ஏலக்காயும், ஒரு ஜீப்பும் வைத்திருப்பவர். ஜீப்பைவிடச் சத்தமான கோபமும் வைத்திருந்தார்.

கோபத்துக்குக் காரணம் இருந்தது. முத்துக்கண்ணன் வீடு கட்டிக் குடிபோனபோது அந்தப் பத்திரிகையையும் அவரேதான் வேர்டில் செய்தார். எல்லார் பெயரும் போட்டார். சின்ராசின் பெயரை மரியாதையாகத் தனி வரியில் கடைசியில் போட்டார். யாரோ ஒரு பெரியவர் பெயருக்கு முன்னால் 'திரு' விட்டுப் போயிற்று என்று கடைசி நேரத்தில் சேர்த்ததும், சின்ராசு மெல்ல இறங்கி அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டார். அச்சடித்தது முதல் பக்கம் மட்டும். அன்றிலிருந்து சின்ராசு போடிக்கு எத்தனை லோடு ஏற்றி வந்தாலும் தங்கச்சி வீட்டுத் தெருப் பக்கம் ஜீப்பைத் திருப்பியதில்லை.

சந்திரவல்லி குரங்கணிக்குப் போய் அண்ணன் முன்னால் உட்கார்ந்து அழுதாள். சின்ராசு மலைப் பக்கம் திரும்பிக்கொண்டு, "மொதல்ல பத்திரிகைய அடிச்சுக் கொண்டா. பாத்துட்டுச் சொல்றேன்" என்று மட்டும் சொன்னார்.

இந்த நிலைமையில் நீங்களோ நானோ என்ன செய்வோம்? நல்ல அச்சகமாகப் பார்த்து, போட்டோவையும் பெயர்களையும் கொடுத்து, வாயை மூடிக்கொண்டு காத்திருப்போம். முத்துக்கண்ணன் கம்ப்யூட்டரைப் போட்டார்.

"ஏங்க, இந்தத் தடவையாச்சும் அனுசியாகிட்டயே குடுத்துரலாம்ல?" என்றாள் சந்திரவல்லி. அனுசியா என்பவள் கடைத்தெருவில் அச்சகம் நடத்துபவள்.

"அவகிட்ட குடுத்தா மயில் வந்துரும்" என்றார் முத்துக்கண்ணன்.

இதில் கொஞ்சம் நியாயமும் உண்டு. அனுசியாவிடம் தோகை விரித்த மயில் படம் ஒன்று இருந்தது. அதன்மேல் அவளுக்கு அலாதிப் பிரியம். கல்யாணம், கடை திறப்பு, டியூஷன் சென்டர் என்று எதைக் கொடுத்தாலும் ஒரு மூலையில் அந்த மயில் வந்து நிற்கும். ஒரு கண்ணீர் அஞ்சலி நோட்டீஸில்கூட, காலமானவரின் தோளுக்குப் பின்னாலிருந்து அது உற்சாகமாக எட்டிப் பார்த்தது.

ஆகவே முத்துக்கண்ணன் தாமே இறங்கினார். மேலே நடுவில் முருகன், இடது பக்கம் கற்பகம், வலது பக்கம் சின்ராசு என்பது திட்டம். ஜீப்பில் சாய்ந்துகொண்டு சின்ராசு எடுத்த போட்டோ கிடைத்தது. ஜீப்பை வெட்டிவிட்டு ஆளை மட்டும் எடுத்து, பக்கவாட்டில் பிடித்து ஓர் இழுப்பு இழுத்தார்.

"எங்கண்ணன் ஏங்க இம்புட்டு அகலமா இருக்காரு?"

"அது அகலம் இல்ல. கவுரவம்."

"கழுத்தக் காணோமே?"

"பத்திரிகையில கழுத்த எவன் பாக்கப் போறான்?"

வேர்டில் படம் வைத்துப் பழகியவர்களுக்கு ஓர் உண்மை தெரிந்திருக்கும். அதில் எந்தப் படமும் தனியாக நகராது. முத்துக்கண்ணன் சின்ராசை ஒரு நெல்லளவு கீழே இறக்கினார். முருகன் இரண்டாம் பக்கத்துக்குப் போய்விட்டார். முருகனைக் கெஞ்சிக் கூட்டிவந்தார். கற்பகம் பெயர்ப்பட்டியலின் நடுவில் போய் உட்கார்ந்துகொண்டாள். கற்பகத்தைத் தூக்கினார், பெரியப்பா சித்தப்பாக்கள் எல்லோரும் ஒருவர் மேல் ஒருவராக ஏறி நின்றார்கள். சாயங்காலம் முழுக்க இந்தக் கண்ணாமூச்சி நடந்தது. கடைசியில் சின்ராசைத் தாளின் வலது ஓரத்தோடு ஓரமாக, இனி போவதற்கு இடமில்லை என்கிற அளவுக்கு ஒட்டி வைத்தபோது மற்ற எல்லோரும் அவரவர் இடத்தில் நின்றார்கள். முத்துக்கண்ணன் மூச்சைக்கூட மெதுவாக விட்டார்.

அடுத்தது பின்னணிக் கலர். இங்கேதான் அவருடைய தொழில் திறமை வேலை செய்தது. கடையிலிருந்து முதல் தரமான ஏலக்காய் ஒன்றைச் சட்டைப் பையில் போட்டுக் கொண்டுவந்திருந்தார். அதைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு, கலரைக் கூட்டிக் கூட்டி, திரையின் வெளிச்சத்தையும் ஏற்றி, காயும் திரையும் ஒரே பச்சையாக வரும்வரை விடவில்லை. வந்தது. கையிலிருந்த காய் எது, திரை எது என்று தெரியவில்லை. உலகத்தில் எந்த டிசைனரும் ஏலக்காயைக் கையில் பிடித்துக்கொண்டு கலர் பார்த்திருக்க மாட்டார் என்று அவருக்குப் பெருமையாக இருந்தது. அது உண்மைதான். யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

மறுநாள் அச்சகம். அனுசியா பைலைத் திறந்தாள். அவளிடம் 'சரிண்ணே' என்ற ஒரே சொல் பலவிதமாக உண்டு. 'நல்லாருக்கு' என்பதற்கு ஒன்று, 'ஒங்க இஷ்டம்' என்பதற்கு ஒன்று, 'கடவுள் பாத்துக்கட்டும்' என்பதற்கு ஒன்று.

"அண்ணே, வலது பக்கம் இருக்கவரு ரொம்ப ஓரத்துல இருக்காரு. அடிச்சு முடிச்சு ஓரம் வெட்டுறப்ப கத்தி எல்லாத் தாள்லயும் ஒரே எடத்துல விழாது. கொஞ்சம் நடுவுல தள்ளி வைங்க."

"அதத் தொட்டா முருகன் ரெண்டாம் பக்கத்துக்குப் போயிருவாரு ஆத்தா."

"நான் வேணா வேற சாப்ட்வேர்ல..."

"வேணாம்."

"சரிண்ணே. இந்தப் பச்சை இப்பிடி வராது. இது திரை வெளிச்சத்துல தெரியுற பச்சை. மையில அடிச்சா மங்கிரும்."

முத்துக்கண்ணன் சிரித்தார். "நான் கலர் பாத்தே சம்பளம் வாங்குறவன். எனக்கே கலர் சொல்றியா? பிடிஎப் போட்டுக் கொண்டாந்திருக்கேன். பிடிஎப்புல இருக்கது மாறவே மாறாது. நீ வெரசாப் பிரிண்ட் மட்டும் போடு."

"ஒரு தாள் சாம்பிள் அடிச்சுக் காட்டட்டா?"

"தாள் எதுக்கு? பைலையே போன்ல அனுப்பு, பாத்துக்கறேன்."

போனில் வந்தது. முழு வெளிச்சம் வைத்த போனில் அது ஜொலித்தது. முத்துக்கண்ணன் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டும் பொம்மையைப் பதிலாக அனுப்பினார். அனுசியா மூன்றாவது வகைச் 'சரிண்ணே'யைத் தட்டி அனுப்பினாள்.

பத்திரிகைக் கட்டு வீட்டுக்கு வந்தது. நூலை அறுத்துப் பிரித்தார்கள். முதலில் கண்ணில் பட்டது பச்சை. அது பச்சையே இல்லை. போன வருஷத்து மூட்டையின் அடியில் கிடந்து, ஈரம் பட்டு, ஏலத்தில் யாரும் கேட்காத காய் ஒன்று உண்டல்லவா, அந்த நிறம். ஏலக்காய்க்காரர் வீட்டு விசேஷத்துக்கு வரக்கூடாத நிறம் ஒன்று உண்டென்றால் இதுதான்.

சந்திரவல்லி கலரைப் பார்க்கவில்லை. பத்திரிகையைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனாள். "ஏங்க," என்றாள் மெதுவாக, "எங்கண்ணனுக்கு ஒரு காது எங்க?"

கத்தி சின்ராசின் இடது காதைக் கொண்டுபோயிருந்தது. கட்டு முழுக்கப் புரட்டிப் பார்த்தார்கள். சிலதில் பாதிக் காது, பலதில் காதே இல்லை, ஒன்றிரண்டில் கன்னத்திலும் கொஞ்சம் போயிருந்தது. காதுகுத்துப் பத்திரிகையில் தாய்மாமனுக்குக் காது இல்லை என்றால் அதைப் பார்த்துவிட்டு அவர் என்ன சொல்வார் என்று உங்களுக்கே தெரியும். சந்திரவல்லி அழக்கூட இல்லை. பத்திரிகையை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாள். அதைப் பார்த்ததும் முத்துக்கண்ணன் சட்டையை மாட்டிக்கொண்டு எழுந்தார்.

பைல் ரெடி ஆசாமிக்குக் காது போனாலும் வாய் போகாது. நேரே அச்சகத்துக்குப் போய், "நான் குடுத்த பைல்ல காது இருந்துச்சு" என்றார்.

"இருந்துச்சுண்ணே. இன்னமும் இருக்கு" என்று அனுசியா கத்திக்கு அடியில் கிடந்த கழிவுச் சாக்கைக் காட்டினாள். உள்ளே நீள நீளமான துண்டுகள். ஒவ்வொன்றிலும் ஒரு காது. "அண்ணே, ஒரிஜினல் போட்டோ குடுங்க. நானே வேற டிசைன் போட்டு நாளைக்கே அடிச்சுத் தர்றேன்."

முத்துக்கண்ணனின் கண்முன் தோகை விரிந்தது. "வேணாம் ஆத்தா. அந்தச் சாக்கைக் குடு" என்றார்.

வீட்டுக்கு வந்து, இருப்பதில் நல்ல காதாக ஒன்றைத் தேர்ந்தெடுத்து, கத்தரிக்கோலால் நறுக்கி, சின்ராசுக்குக் கொடுக்கப் போகும் பத்திரிகையில் பசை தடவி ஒட்டினார். முகம்தான் தாளின் ஓரத்தோடு முடிந்துவிட்டதே, காதுக்குத் தாளில் இடம் ஏது? அது வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. மொத்தத்தில் பத்திரிகைக்கே ஒரு காது முளைத்த மாதிரி இருந்தது. "தூரத்துல வச்சுப் பாத்தா தெரியல" என்றார்.

தாம்பூலத்தட்டும் பழமுமாகக் குரங்கணி பஸ்சில் ஏறினார்கள். கற்பகம் ஜன்னலோரம். மேலே போகப் போக மேகம் இறங்கி, பஸ்சுக்குள் இருந்த எல்லாம் லேசாக நமத்துப்போயின. பசையும்தான்.

சின்ராசு காப்பிக்கொட்டை காயப்போட்ட களத்தின் ஓரத்தில் நின்றிருந்தார். கற்பகத்தை ஒரு கையால் வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டார். மறு கையால் பத்திரிகையை வாங்கினார். பார்த்தார். காது மெதுவாகக் கழன்று அவர் உள்ளங்கையில் விழுந்தது.

"இது என்ன மாப்ளே?"

"காது மச்சான்."

"யாரு காது?"

"ஒங்க காதுதான்."

சின்ராசு அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சந்திரவல்லிக்குக் கண் நிறைந்துவிட்டது. இந்த ஆள் இப்போது பத்திரிகையைத் தட்டில் திருப்பி வைத்துவிட்டால் மகளுக்கு மடி இல்லை. அதற்குத் தாம்தான் காரணம் என்று முத்துக்கண்ணனுக்கு உள்ளுக்குள் தெரிந்தது. தெரிந்தும் வாயில் வந்தது என்ன?

"பிரஸ்ல பண்ணின கூத்து மச்சான். நான் பைல் கரெக்டாத்தான் குடுத்தேன். கம்ப்யூட்டர்ல அம்சமா இருந்துச்சு."

இதைக் கேட்டதும் சின்ராசின் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. கோபம் இல்லை, வேறு ஏதோ. "கம்ப்யூட்டர்ல நல்லா இருந்துச்சா?" என்று கேட்டார்.

"சத்தியமா மச்சான்."

சின்ராசு கற்பகத்தைத் தங்கச்சியிடம் கொடுத்துவிட்டு வீட்டுக்குள் போனார். திரும்பி வந்தபோது தோளில் ஒரு பிளக்ஸ் சுருள் இருந்தது. களத்தின் காலி இடத்தில் அதைத் தயங்கித் தயங்கி விரித்தார். "யாரும் சிரிக்கக் கூடாது" என்றார்.

பிளக்ஸின் நடுவில் சின்ராசு, ஜீப்போடு. அவர் மூக்கு ஒரு முறம் அளவு இருந்தது. அவருக்குக் கீழே சின்னச் சின்னக் கட்டங்களாக ஏதோ தெரிந்தது. கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் கற்பகம். வலது மூலையில் மேலும் கீழுமாக இழுபட்டுப் புடலங்காய் போல ஒரு முகம் தொங்கியது. அது முத்துக்கண்ணன். பின்னணியெல்லாம் அதே பழைய மூட்டைப் பச்சை. மேலே கொட்டை எழுத்தில் 'எங்கள் குலவிளக்கின் காதணி விழாவுக்கு வருகை தரும் அனைவரையும் வரவேற்கும்' என்று இருந்தது. யார் வரவேற்பது என்பது பிளக்ஸுக்கு வெளியே போய்விட்டது.

"எங்க மகன் லேப்டாப்புல நானே பண்ணினேன். வேர்டுல" என்றார் சின்ராசு. "தங்கமா இருந்துச்சு மாப்ளே. காயக் கையில வச்சுக்கிட்டுப் பச்சை பாத்தேன். பிளக்ஸ்காரப் பய கெடுத்துட்டான்."

முத்துக்கண்ணன் மண்டியிட்டுப் பிளக்ஸைத் தடவிப் பார்த்தார். "இவய்ங்க பூராவும் இப்பிடித்தான் மச்சான்" என்றார் உருக்கமாக.

சந்திரவல்லி மட்டும் வேறு ஒன்றைப் பார்த்தாள். பிளக்ஸ் விரித்து விரித்துச் சுருட்டியதில் கோடு விழுந்திருந்தது. இன்றைக்கு நேற்று அடித்ததல்ல. "அண்ணே," என்றாள், "பத்திரிகை வர்றதுக்கு முன்னாடியே நீ இதை அடிச்சுட்டியா? அப்ப வர்றதாத்தான் இருந்தியா?"

சின்ராசு பிளக்ஸின் ஓரத்தைச் சுருட்டத் தொடங்கினார். "பின்ன, புள்ளைய எவன் மடியில ஒக்கார வைப்பீக?" என்றார். "இத எடுத்துக்கிட்டு எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வர்றதுன்னுதான் தெரியாம இருந்தேன்."

சந்திரவல்லி அழ ஆரம்பித்து, பிளக்ஸில் தொங்கிய புருஷனின் முகத்தைப் பார்த்ததும் பாதியில் சிரித்துவிட்டாள். நிறுத்த முடியவில்லை. கற்பகமும் காரணம் தெரியாமல் சேர்ந்துகொண்டாள். ஆண்கள் இருவரும் அதைக் கவனிக்கவில்லை. போடி முதல் தேனி வரைக்கும் உள்ள அச்சகக்காரர்கள், பிளக்ஸ்காரர்கள் அனைவரையும் வரிசையாக எடுத்து வைத்துத் திட்டிக்கொண்டிருந்தார்கள். புதுவீட்டுப் பத்திரிகையில் பெயர் விட்டுப்போன வழக்கும் அப்போதே தீர்ந்தது. அதுவும் பிரஸ்காரன் சதிதான் என்று சின்ராசே ஒப்புக்கொண்டார்.

காதுகுத்து நன்றாக நடந்தது. அந்த ஒற்றைக் காதுப் பத்திரிகையைப் பார்த்தவர்கள் வாட்ஸப்பில் அனுப்பி, அதைப் பார்த்தவர்கள் இன்னும் பலருக்கு அனுப்பி, எதிர்பார்த்ததைவிடக் கூட்டம் அதிகம். ராசிங்காபுரத்திலிருந்து வந்த உறவுக்காரக் கிழவி அய்யம்மாள் நேரே மேடைக்குப் போய், சின்ராசின் தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, "ரெண்டும் இருக்குப்பா, சாப்பிடப் போலாம்" என்று கூட்டத்துக்கு அறிவித்தாள். ஆசாரி ஊசியை எடுத்தபோது கற்பகம் வீரிட்டாள். சின்ராசு அவளை மடியோடு சேர்த்து இறுக்கிக்கொண்டார். அவர் கண்ணிலும் தண்ணீர் இருந்தது. முத்துக்கண்ணன் அதைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

இவ்வளவு பட்டபிறகு திருந்தியிருப்பார்கள் என்றா நினைக்கிறீர்கள்? இப்போது மச்சானும் மாப்பிள்ளையும் ஒரே நாற்காலியில் ஆளுக்குப் பாதியாக உட்கார்ந்து சின்ராசு தோட்டத்துக் காப்பித்தூளுக்கு லேபிள் செய்கிறார்கள். ஒருவர் மவுஸ், ஒருவர் கீபோர்டு. இருவரும் சேர்ந்து படியேறி வருவதைப் பார்த்ததும் அனுசியா உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறாள் என்று கேள்வி.

நீங்கள் சிரிக்கிறீர்கள். நமக்கும் இந்த இனத்துக்கும் சம்பந்தமில்லை என்று நிம்மதியாக இருக்கிறீர்கள். இருங்கள். ஆனால் ஒன்றே ஒன்று கேட்கிறேன், மனசாட்சியைத் தொட்டுச் சொல்லுங்கள். இந்தப் பக்கத்தைத் திறந்தவுடன், 'தலைப்பை இன்னும் கொஞ்சம் பெரிசாக, ஒரு நல்ல கலரில் போட்டிருக்கலாமே' என்று உங்களுக்குத் தோன்றியதா, இல்லையா?